எருதுக்காகப் பிறந்த சங்கங்கள்

மிருகவதைத் தடுப்புச் சங்கம் என்ற பெயரைக் கேட்டதும் நம் விவசாயிகள் பலருக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றுகின்றன. அது பட்டணத்தில் நாயும் பூனையும் வளர்ப்பவர்களின் சங்கம் என்பது ஒன்று. சந்தைக்கு மாடு கொண்டு போகும்போது வழிமறித்து வழக்குப் போடுகிறவர்களின் சங்கம் என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தச் சங்கங்கள் எங்கே, யாருக்காக, ஏன் தோன்றின என்பதை அறிந்தால், அவை நம் தொழுவத்துக்கு மிக நெருக்கமானவை என்பது விளங்கும். இவ்வகைச் சங்கங்களில் இன்றும் இயங்கிவரும் மிகப் பழையது, ஏர் இழுக்கும் எருதையும், பாரம் இழுக்கும் குதிரையையும், சந்தைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட ஆடு மாடுகளையும் மனத்தில் வைத்தே தொடங்கப்பட்டது.

முதல் சட்டம்

இன்றைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் நகரின் நடுவே ஸ்மித்பீல்டு என்ற பெரிய கால்நடைச் சந்தை இருந்தது. பல நாள் நடை தூரத்திலிருந்து மாடுகளையும் ஆடுகளையும் கால்நடையாகவே அங்கு ஓட்டி வருவார்கள். வழியில் தண்ணீர் கிடைப்பது அரிது. நெரிசலான தெருக்களில் மாடு மிரண்டால் தடியடிதான் பதில். கூர்மையான கோலால் குத்துவதும், நெருக்கி நிறுத்த மூக்கிலும் காலிலும் அடிப்பதும் அன்றாட நிகழ்ச்சிகள். சொந்த மாட்டை ஒருவன் என்ன செய்தாலும் கேட்பதற்குச் சட்டம் இல்லை.

பிராணிவதையைத் தடுக்க 1800-ஆம் ஆண்டிலும் 1809-ஆம் ஆண்டிலும் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன. இரண்டும் தோற்றன. அப்போது எதிர்த்துப் பேசிய வில்லியம் விண்டம் என்ற உறுப்பினர் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பினார். பணக்காரர்கள் வேட்டையிலும் பந்தயத்திலும் பிராணிகளைப் படுத்தும் பாட்டை விட்டுவிட்டு, கூலிக்கு வண்டி ஓட்டும் ஏழையை மட்டும் தண்டிக்கப் போகிறீர்களா என்பதே அதன் சாரம். இந்தக் கேள்வியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நம் நாட்டிலும் எழுந்தது.

1822-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கால்வே தொகுதி உறுப்பினரான ரிச்சர்டு மார்ட்டின் கொண்டுவந்த மசோதா நிறைவேறியது. குதிரை, கோவேறு கழுதை, கழுதை, எருது, பசு, ஆடு போன்ற கால்நடைகளைக் காரணமின்றிக் கொடுமையாக அடிப்பவருக்கு 10 ஷில்லிங் முதல் 5 பவுன் வரை அபராதம். கட்டத் தவறினால் மூன்று மாதம் வரை சிறை. இந்தச் சட்டத்தில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. உழைக்கும் பிராணிகளுக்கும் பால், இறைச்சி தரும் பிராணிகளுக்கும்தான் முதல் பாதுகாப்புக் கிடைத்தது. நாய்க்கும், சண்டைக்கு விடப்பட்ட காளை, கரடி, சேவல் ஆகியவற்றுக்கும் 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இடம் வந்தது.

சங்கம் எதற்கு?

சட்டம் வந்துவிட்டது. ஆனால் சந்தையில் நின்று பார்ப்பவர் யார்? அடிபட்ட மாடு நீதிமன்றம் போய்ப் புகார் சொல்லாது. சட்டம் செய்த மார்ட்டினே தெருத்தெருவாகப் போய்க் குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தக் குறையைப் போக்கத்தான் சங்கம் தோன்றியது.

1824-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி லண்டனில் ஒரு காப்பிக் கடையில் சிலர் கூடினார்கள். கூட்டியவர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். மார்ட்டினும், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்போர்சும் வந்திருந்தார்கள். அங்கே பிறந்ததுதான் பிராணிவதைத் தடுப்புச் சங்கம். புரூம் பாதிரியார் தம் ஆலயப் பணியை விட்டுவிட்டுச் சங்கத்துக்கே உழைத்தார். ஸ்மித்பீல்டு சந்தையைக் கண்காணிக்கத் தம் கைப்பணத்தில் ஆள் வைத்தார். முதல் ஆண்டிலேயே 63 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆனால் சங்கத்தின் செலவு வரவை மிஞ்சியது. சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்கும் போக நேர்ந்தது. 1840-ஆம் ஆண்டில் விக்டோரியா ராணி அந்தச் சங்கத்துக்கு அரச அங்கீகாரம் கொடுத்தார். இன்று அது பிரிட்டனின் பெரிய அமைப்புகளுள் ஒன்று.

சங்கத்தை நிறுவியவர்களில் லூயிஸ் கோம்பர்ட்ஸ் என்பவரை விவசாயிகள் தனியாகக் கவனிக்க வேண்டும். கடனில் தத்தளித்த சங்கத்தைக் கரை சேர்த்தவர் இவர். இவர் ஒரு கண்டுபிடிப்பாளரும்கூட. குதிரையை அடிக்காதே என்று சொல்வதோடு இவர் நிற்கவில்லை. குதிரை ஏன் அடிபடுகிறது என்று யோசித்தார். வண்டி இழுக்க முடியாமல் கனப்பதால் அடிபடுகிறது. ஆகவே சக்கரத்தைத் திருத்த வேண்டும் என்று, எளிதில் நகரும் புதுவகைச் சக்கர அமைப்பு ஒன்றை வகுத்தார். அது நடைமுறைக்குப் பெரிதாக வரவில்லை. ஆனால் அந்த யோசனைதான் சரியான யோசனை.

அதே வழியில் வேறு சிலரும் சென்றார்கள். லண்டனில் மக்களுக்குக் குடிநீர்க் குழாய் அமைப்பதற்காக 1859-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 1867-ல் அது கால்நடைத் தண்ணீர்த் தொட்டிகளையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டு தெருக்களில் தொட்டிகள் கட்டியது. அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஹென்றி பெர்க் 1866-ல் ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அடிபட்ட குதிரைகளை ஏற்றிச் செல்ல அந்தச் சங்கம் தனி வண்டி விட்டது. 1874-ல் வளர்ப்பு வீட்டில் வதைபட்ட ஒரு சிறுமியை மீட்பதற்கும் பெர்க்கின் உதவியை நாடினார்கள். அதையொட்டிக் குழந்தைகளுக்கென்றே ஒரு பாதுகாப்புச் சங்கம் அங்கு பிறந்தது. வாயில்லாத ஜீவனுக்காகப் பேசப் பழகியவர்கள், பேச முடியாத குழந்தைக்காகவும் பேசினார்கள்.

நம் நாட்டில்

பிராணிகளைப் பேணுவது நமக்கு வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த பாடம் அன்று. அசோகச் சக்கரவர்த்தியின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு செய்ததையும், மூலிகைகள் பயிரிட்டதையும், வழியோரம் கிணறுகள் வெட்டியதையும் கூறுகிறது. அந்த ஏற்பாடு நடந்த இடங்களில் சோழர், பாண்டியர் நாடுகளும் சொல்லப்பட்டுள்ளன. குஜராத்தில் கிழட்டு மாடுகளையும் நொண்டி மாடுகளையும் வைத்துக் காக்கும் பிஞ்சரபோல்கள் நெடுங்காலமாக உள்ளன.

சட்டத்தோடு கூடிய சங்கம் என்ற முறையில் முதலாவது கல்கத்தாவில் 1861-ஆம் ஆண்டில் கோல்ஸ்வொர்த்தி கிராண்டு என்பவரால் தொடங்கப்பட்டது. பம்பாயில் 1874-ல் சங்கம் தோன்றியது. அங்கே பரேல் பகுதியில் பாய் சாகர்பாய் தின்ஷா பெடிட் பெயரால் கால்நடை மருத்துவமனையும், அதை ஒட்டி 1886-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஏற்பட்டன. தண்டனை மட்டும் போதாது, சிகிச்சையும் வேண்டும் என்பதை இதிலிருந்து அறியலாம். 1890-ல் இந்தியா முழுவதற்குமான வதைத் தடுப்புச் சட்டம் வந்தது.

கல்கத்தா தந்த பாடம்

விண்டம் எழுப்பிய கேள்வி கல்கத்தாவில் ரத்தத்தில் முடிந்தது. கோடைக்கால நண்பகலில் பார வண்டிகளில் மாடு பூட்டக் கூடாது என்று அங்கு உத்தரவு வந்தது. உச்சி வெயிலில், உருகும் தார்ச் சாலையில் பாரம் இழுக்கும் எருமைக்கு அது நல்ல உத்தரவுதான். ஆனால் நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வண்டிக்காரன் அந்த நேரத்தின் கூலியை யாரிடம் போய்க் கேட்பான்? 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி வண்டிக்காரர்கள் வண்டிகளைத் தெருவின் குறுக்கே நிறுத்தி மறியல் செய்தார்கள். போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். உயிர்கள் பறிபோயின.

மாடு தவறு செய்யவில்லை. வண்டிக்காரரும் மாட்டுக்கு விரோதி அல்ல. மாட்டின் வலியைக் கணக்கில் எடுத்தவர்கள், மாட்டை நம்பிப் பிழைப்பவரின் வயிற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. நிழலும் தண்ணீரும் வண்டிப்பேட்டையும் முன்னால் வந்து, பார ஏற்றத்துக்கு வியாபாரியும் பொறுப்பு என்று வைத்து, பிறகு உத்தரவு வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். பிராணிகள் நலச் சங்கம் எதுவானாலும் அதன் வேலையை அளக்க இதுவே தக்க அளவுகோல். அது பிராணியின் பாரத்தைக் குறைக்கிறதா, அல்லது அந்தப் பாரத்தை ஏழையின் தலைக்கு மாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

1960-ஆம் ஆண்டுச் சட்டம்

இன்று நடைமுறையில் உள்ள சட்டத்துக்கு வித்திட்டவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவை நிறுவியவர் என்று இவரை அனைவரும் அறிவார்கள். 1952-ல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட இவர், 1953-ல் பிராணிவதைத் தடை மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராகக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். அதன்படி 1960-ல் சட்டம் நிறைவேறியது. 1962-ல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவரும் அவரே. பல்லாண்டுகள் சென்னையிலிருந்தே அந்த வாரியம் இயங்கியது.

விவசாயிகள் இந்தச் சட்டத்தில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில:

காயம், புண், நோய், முதுமை ஆகியவற்றால் இயலாத மாட்டை வேலை வாங்குவது குற்றம். போதிய தீனி, தண்ணீர், நிழல் தராமல் விடுவது குற்றம். அசைய முடியாதபடி குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றம். பயன்படாது என்று தெருவில் விட்டுவிடுவதும் குற்றமே.

பால் சுரக்க வேண்டுமென்று உடலைக் கெடுக்கும் ஊசி போடுவது இச்சட்டத்தில் கடுமையான குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. மாடும் பறிமுதல் ஆகும். ஆக்சிடோசின் ஊசியை வியாபாரி கொண்டு வந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

அதே சமயம் விவசாயத்தின் தேவையையும் சட்டம் மறுக்கவில்லை. விதிகளில் சொன்ன முறைப்படி காயடித்தல், கொம்பு தீய்த்தல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவை குற்றமாகா. இவற்றைக் கால்நடை மருத்துவரைக் கொண்டு செய்துகொண்டால் மாட்டுக்கும் வலி குறைவு, நமக்கும் வில்லங்கம் இல்லை.

பார மாடுகளுக்கென 1965-ல் தனி விதிகள் வந்தன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சியும், முள்ளும் முடிச்சும் உள்ள நுகமும் கூடாது. மாட்டின் எடையையும் சக்கரத்தின் வகையையும் பொறுத்தே பாரம் ஏற்ற வேண்டும். 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் பொதுவாக ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. மருத்துவர் சான்று, தீனி, தண்ணீர், கூட ஓர் ஆள் ஆகியவை வேண்டும்.

கழுத்துப் புண்ணும் கணக்கும்

இந்த விதிகளெல்லாம் நம்மைக் கட்டிப்போடுகின்றன என்று நினைக்கலாம். கழுத்துப் புண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிராய் உள்ள நுகத்தடி, ஒன்று உயரமும் ஒன்று குட்டையுமான ஜோடி, மழையில் ஊறிய கழுத்து, பல நாள் சும்மா நின்ற மாட்டைத் திடீரென்று நாள் முழுவதும் பூட்டுவது ஆகியவையே புண்ணுக்குக் காரணம். வண்டியில் பாரம் முன்புறம் சாய்ந்திருந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். பின்புறம் சாய்ந்திருந்தால் நுகம் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். புண் வந்த மாடு தோள் கொடுக்காது. தோள் கொடுக்காத மாட்டை அடித்தால் அரை வேலைதான் நடக்கும். பருவத்தில் ஒரு வாரம் அது படுத்துவிட்டால் விதைப்புத் தள்ளிப்போகும். சந்தையிலும் கழுத்தைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். நுகத்தை இழைத்து வழவழப்பாக்க ஒரு பொழுது போதும்.

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என்.எஸ்.ராமசாமி இதைத்தான் 1970-கள் முதல் விடாமல் எழுதியும் பேசியும் வந்தார். இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரமும் கரடுமுரடான அச்சும் மாட்டின் பலத்தை வீணாக்குகின்றன. உருளும் பேரிங்கும் நல்ல நுகமும் சமநிலையான வண்டியும் இருந்தால் மாடும் தப்பும், வண்டிக்காரரின் வருமானமும் உயரும் என்று அவர் வாதாடினார். லண்டனில் கோம்பர்ட்ஸ் தொடங்கிய யோசனை அது.

ஐந்து தேவைகள்

இன்று ஏர் மாடுகள் குறைந்து டிராக்டர் வந்துவிட்டது. கறவை மாடும் வெள்ளாடும் கோழியும் பெருகியிருக்கின்றன. சங்கங்களின் கவனமும் அந்தப் பக்கம் திரும்பியது. 1964-ல் ரூத் ஹாரிசன் என்ற ஆங்கிலப் பெண்மணி கூண்டுக் கோழிப் பண்ணைகளின் நிலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் விளைவாக பிரிட்டிஷ் அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965-ல் அறிக்கை தந்தது. அதிலிருந்து வளர்ந்து வந்ததே ஐந்து தேவைகள் என்ற கணக்கு. பசியும் தாகமும் இல்லாமை. படுக்க, ஒதுங்க வசதியான இடம். வலி, காயம், நோய் இல்லாமை. தன் இயல்புப்படி நடமாட இடம். பயமும் பதற்றமும் இல்லாமை. இந்த ஐந்தையும் நம் தொழுவத்தில் நாமே விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பயந்த மாடு பாலை அடக்கிக்கொள்ளும். தாகித்த மாட்டுக்குப் பால் குறையும். பால் கறப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஐந்தையும் நம் உச்ச நீதிமன்றம் 2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கில் எடுத்துக்காட்டி, அவ்விளையாட்டுக்குத் தடை விதித்தது. 2017-ல் தமிழகம் முழுவதும் கிளர்ச்சி எழுந்து, மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பல ஆண்டுகள் நடந்த இந்த வழக்கில் ஒரு பக்கம் மாட்டின் வலியைப் பற்றிய கேள்வி இருந்தது. மறு பக்கம் நாட்டு மாட்டை வளர்ப்பவரின் பெருமையும் பிழைப்பும் இருந்தன. இரு பக்கமும் பேசித் தீர்க்க வேண்டியதை நீதிமன்றம் வரை கொண்டுபோனால் காலமும் மனமும் எவ்வளவு செலவாகும் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

நாம் செய்யக்கூடியவை

1. மாவட்டந்தோறும் ஒரு மிருகவதைத் தடுப்புச் சங்கம் அமைக்கப்பட வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. உங்கள் மாவட்டச் சங்கம் எப்படி இருக்கிறது என்று கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். விவசாயிகளும் அதில் உறுப்பினராகச் சேர வேண்டும். மாடு வளர்க்கிறவர் இல்லாத சங்கம் மாட்டுக்கும் முழுமையாக உதவாது.

2. சந்தையில் தண்ணீர்த் தொட்டி, நிழற்கூரை, லாரியில் ஏற்றி இறக்கச் சாய்தளம் ஆகியவற்றை ஊராட்சியிடமும் சந்தைக் குத்தகைதாரரிடமும் கேட்டு வாங்குங்கள். சந்தைக் கட்டணம் செலுத்துகிறவர்கள் இதைக் கேட்பதில் தவறில்லை.

3. மாட்டை விற்று லாரியில் ஏற்றினால், மருத்துவர் சான்றும், விற்ற ரசீதும், தீனியும் உடன் செல்லட்டும். தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. வழியில் நிறுத்தி ரசீது இல்லாமல் பணம் கேட்க எவருக்கும் சட்டம் அதிகாரம் தரவில்லை.

4. மாட்டுக்கு நோயோ அடியோ பட்டு நடக்க முடியாமல் போனால், 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். எண்ணைத் தொழுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

5. பருவம் தொடங்கும் முன் நுகத்தடியை இழைத்துச் சரிபாருங்கள். லாடம், அச்சு, பாரத்தின் சமநிலை ஆகியவற்றையும் பாருங்கள். தார்க்குச்சியின் ஆணியைப் பிடுங்கி எறியுங்கள்.

தடுப்புச் சங்கம் என்ற பெயரில் தடுப்பது மட்டும்தான் காதில் விழுகிறது. அது சரிவர நடக்கும் இடங்களில் தண்ணீர்த் தொட்டியும் மருத்துவமனையும் நல்ல சக்கரமும் வந்திருக்கின்றன. அவை நம் ஊருக்கும் வர வேண்டுமானால், அடுத்த மாவட்டக் கூட்டத்தில் மாடு வளர்க்கிறவர்கள் சிலராவது போய் உட்கார வேண்டும்.